பின்னம், பொருண்மை, விழுக்காடு: தோட்டப் பள்ளிக்கு வந்த கலைச்சொற்களின் கதை



சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் நடைபெற்ற பெற்றோர் சந்திப்பின்போது, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தந்தை என் மேசைக்கு எதிரே அமர்ந்தார். மகளின் அறிவியல் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்து ‘பொருண்மை’ என்ற சொல்லின்மீது விரலை வைத்தார். “டீச்சர், நானும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில படிச்சவன்தான். குறை சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க. அடுத்த வருசம் முடிஞ்சா இவ படிவம் ஒன்னுக்குப் போயிடுவா. அங்க எல்லாம் மலாய்ல இருக்கும். இந்தச் சொல்ல எல்லாம் இப்போ மனப்பாடம் பண்ணி என்ன ஆகப் போகுது?” என்று கேட்டார். தம் இளைய மகனை அடுத்த ஆண்டு தேசியப் பள்ளியில் சேர்க்க எண்ணியிருப்பதாகவும் தயக்கத்தோடு சொன்னார்.

அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. “தாய்மொழியில் கற்றால் நன்றாகப் புரியும்” என்று வழக்கமாகச் சொல்லும் தொடரையே சொன்னேன். அவரும் மரியாதைக்காகத் தலையசைத்துவிட்டுச் சென்றார். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை காண வேண்டுமானால் இச்சொற்கள் எங்கிருந்து வந்தன, நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்குள் எவ்வாறு நுழைந்தன, இடையில் எவ்வாறு தொலைந்தன என்பதையெல்லாம் அறிய வேண்டும். நான் அறிந்தவற்றை ஈண்டு உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

நிறுவைக் கொட்டகை

என் தந்தையார் போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். பள்ளி விடுமுறை நாள்களில் அவருக்குச் சோறு எடுத்துச் சென்று, பால் நிறுக்கும் கொட்டகையில் காத்திருப்பேன். வாளிகள் வரிசையாக நிற்கும். கிராணி ஒவ்வொரு வாளியையும் நிறுத்து எண்ணைக் குறிப்பார். பிறகு ஒரு பாத்திரத்தில் சிறிது பாலை எடுத்து, மெட்ரோலாக் என்னும் மிதப்புக் கருவியை அதில் இறக்குவார். கருவி எவ்வளவு ஆழம் அமிழ்கிறது என்பதை என் தந்தையார் கண் இமைக்காமல் பார்ப்பார். நன்றாக அமிழ்ந்தால் “பால் கெட்டி” என்பார். மேலே நின்றால் “இன்னிக்குப் பால் தண்ணி” என்று முகம் வாடுவார். அன்றைய கூலி அந்தக் கோட்டில்தான் இருந்தது.

ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். எனினும் 40 கிலோ பாலில் நூற்றுக்கு முப்பது உலர் ரப்பர் என்றால் 12 கிலோ என்று தாளில்லாமலே சொல்வார்.

நான் இடைநிலைப் பள்ளியில் ‘கெத்தும்பாத்தான்’ என்ற பாடத்தை மலாய்மொழியில் படித்தேன். சூத்திரத்தை மனனம் செய்து தேர்விலும் நல்ல புள்ளி பெற்றேன். பல ஆண்டுகள் கழித்து, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளர் ஒருவர் கரும்பலகையில் ‘அடர்த்தி’ என்று எழுதினார். அடர்த்தி என்றால் நெருக்கம். அடர்ந்த காடு என்கிறோம் அல்லவா? அந்த ஒரு நொடியில்தான் என் தந்தையார் கொட்டகையில் பார்த்துக்கொண்டிருந்தது எதுவென்று எனக்கு விளங்கிற்று. ரப்பர் நீரைவிட அடர்த்தி குறைந்தது. நீரின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1 கிராம் என்றால் ரப்பருடையது ஏறத்தாழ 0.92 கிராம். ஆகவே ரப்பர் மிகுந்த பாலில் கருவி ஆழமாக அமிழும். நீர் மிகுந்த பாலில் மேலே நிற்கும்.

வீட்டில் அந்த அறிவு இருந்தது. பள்ளியில் அந்தச் சொல் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பிடித்தன. இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவதும் இந்தச் சந்திப்பைப் பற்றியே.

பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி

நெகிரி செம்பிலான், அன்றைய கூட்டரசு மலாய் மாநிலங்கள் நான்கனுள் ஒன்று. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ வாழும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி அமைத்துத் தர வேண்டும் என்று விதித்தது. லிங்கி, சிலியாவ், சுவா பெத்தோங், லாபு, ஜெராம் பாடாங் முதலிய பெயர்களைத் தாங்கிய தோட்டப் பள்ளிகள் நம் மாநிலத்தில் தோன்றிய வரலாற்றுப் பின்னணி இதுவே. பல தோட்டங்களில் பள்ளி என்பது ஓர் அறை மட்டுமே. கங்காணியோ கிராணியோ ஓய்ந்த நேரத்தில் ஆசிரியராக நின்ற தோட்டங்களும் உண்டு. எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகிய மூன்றுமே பாடம். அறிவியல் என்ற பெயரில் தனிப்பாடம் இல்லை.

ஆனால் கணக்கு எளிதாக இருக்கவில்லை. நம் முன்னோர் புறப்பட்டு வந்த ஊர்களின் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி வழியாகப் பின்னங்களைக் கற்பித்தனர். அரை, கால், அரைக்கால் ஆகியவற்றோடு 1/16 என்பதற்கு வீசம், 1/20 என்பதற்கு மா, 1/80 என்பதற்குக் காணி, 1/320 என்பதற்கு முந்திரி எனத் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. கப்பலேறி இங்கு வந்தால் தோட்டத்து அலுவலகத்தில் ஏக்கரும் இராத்தலும். கடைத்தெருவில் காத்தியும் தாயிலும் பிக்குலும். 16 தாயில் ஒரு காத்தி, 100 காத்தி ஒரு பிக்குல். பிறகு 1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்தைத் தொடர்ந்து மெட்ரிக் அளவைகள் வந்தன. ஒரே வாழ்நாளில் இத்தனை அளவை முறைகளையும் கடந்து வந்த பாட்டிமார் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைப் ‘படிக்காதவர்கள்’ என்று நாம் சொல்வது எவ்வளவு பிழையானது என்பதை எண்ணிப் பாருங்கள்.

சொற்களை ஆக்கியவர்கள்

இனி, பாடநூல்களில் நாம் காணும் கலைச்சொற்கள் தோன்றிய வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

தமிழில் இக்கால அறிவியலைக் கற்பித்த முன்னோடிகளுள் ஒருவர் சாமுவேல் பிஷ் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கலானார். உடற்கூறு, அறுவை மருத்துவம், மகப்பேறு மருத்துவம் முதலிய நூல்கள் அவரும் அவர்தம் மாணவர்களும் உழைத்ததால் தமிழுக்கு வந்தன. வேதியியலுக்குக் ‘கெமிஸ்தம்’ எனப் பெயரிட்டு 1875இல் ஒரு நூல் வெளிவந்தது. அப்பெயர் நிலைக்கவில்லை, ஆனால் தமிழில் முடியும் என்ற சான்று நிலைத்தது.

தமிழகத்தில் 1916இல் சேலத்தில் இராஜாஜி அவர்கள் அறிவியல் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கத்தை நண்பர்களோடு தொடங்கி இதழும் நடத்தினார். 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் ‘கலைச்சொற்கள்’ என்னும் தொகுதியை வெளியிட்டது. வடமொழிச் சொற்களை எடுத்துக்கொள்வதா, ஆங்கிலத்தை அப்படியே எழுதுவதா, தூய தமிழில் ஆக்குவதா என்ற போராட்டம் அக்காலத்தில் கடுமையாக இருந்தது. 1940இல் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அமைந்த குழுவைத் தமிழறிஞர்கள் எதிர்த்ததும் இதன் பொருட்டே. பின்னர் பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியம், இச்சொற்களைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. இலங்கையிலும் 1950களில் அரசகரும மொழித் திணைக்களம் பாடவாரியாகச் சொற்றொகுதிகளை வெளியிட்டது.

ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனிக் குழுக்கள் உழைத்ததால் ஒரே பொருளுக்கு வெவ்வேறு சொற்கள் அமைந்தன. ஒரு பொருளில் எவ்வளவு பருப்பொருள் உள்ளது என்பதைத் தமிழகப் பாடநூல் ‘நிறை’ என்கிறது. இலங்கைப் பாடநூல் ‘திணிவு’ என்கிறது. நம் மலேசியப் பாடநூல் ‘பொருண்மை’ என்கிறது. மூன்றும் நல்ல தமிழ்ச் சொற்களே. ஆயினும் இணையத்தில் தேடிப் படிக்கும் பிள்ளைக்கு இவை மூன்றும் ஒன்றே என்று சொல்லித் தர வேண்டியது நம் கடமை.

மலாயாவுக்கு வந்த பாடநூல்கள்

நம் தோட்டப் பள்ளிகளில் நெடுங்காலம் தமிழகத்திலிருந்து வந்த பாடநூல்களே பயன்பட்டன. பால்மரத்தின் நடுவே வாழ்ந்த பிள்ளை, காவிரியையும் நெல்வயலையும் பற்றிப் படித்தது. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும் 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் வந்த பின்னரே எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான பாடத்திட்டம் அமைந்து, இந்நாட்டை மையமாகக் கொண்ட பாடநூல்கள் தமிழில் எழுதப்பட்டன. விடுதலை பெற்ற காலத்தில் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பர். இன்று ஐந்நூற்றுச் சொச்சம் உள்ளன.

என் தந்தையார் படித்த காலத்தில் ‘பிராணவாயு’ என்றார்கள். நான் படித்தபோது அச்சொல்லும் இருந்தது, ‘உயிர்வளி’ என்பதும் நுழைந்திருந்தது. இன்று என் மாணவர்கள் உயிர்வளி, கரிவளி என்றே எழுதுகிறார்கள். ஒரு குடும்பத்தின் இரண்டு மூன்று தலைமுறைப் புத்தகங்களை அடுக்கி வைத்தால் கலைச்சொல்லின் வரலாறே அதில் தெரியும்.

2003

நான் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த ஆண்டு 2003. அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் நாடு முழுவதும் முதலாம் ஆண்டில் தொடங்கியதும் அவ்வாண்டே. கல்லூரியில் தமிழ்க் கலைச்சொற்களைப் பட்டியல் பட்டியலாகக் கற்று வந்த நான், முதல் நாளே அவற்றை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஆங்கிலத்தில் பாடம் நடத்த நின்றேன்.

அத்திட்டத்தின் நோக்கத்தை நான் பழிக்கவில்லை. உலக அறிவின் பெரும்பகுதி ஆங்கிலத்தில் உள்ளது என்பது உண்மை. பட்டணத்தில் சில பிள்ளைகள் அதனால் நன்மை பெற்றிருக்கவும் கூடும். நான் கண்டதை மட்டும் சொல்கிறேன். லயத்து வீட்டிலிருந்து வந்த ஏழு வயதுப் பிள்ளைகள் நான் சொன்னதைச் சேர்ந்தாற்போல் திருப்பிச் சொன்னார்கள். சுவரில் ஒட்டிய படத்தில் வேர், தண்டு, இலை ஆகியவற்றைத் தொட்டு ஆங்கிலப் பெயரைச் சொன்னார்கள். ஆனால் “ஏன்?” என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு வேண்டிய ஆங்கிலம் அவர்களிடம் இல்லை. அமைதியான வகுப்பு என்று நான் முதலில் மகிழ்ந்தேன். அது என் அறியாமை. பிள்ளைகள் கேள்வி கேட்காத அறிவியல் வகுப்பு அமைதியாக இருப்பதில் பெருமை இல்லை.

8 ஜூலை 2009 அன்று, அத்திட்டம் 2012 தொடங்கிக் கைவிடப்படும் என்று அரசு அறிவித்தது. பாடங்கள் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பின. ஆனால் நான் திரும்பியது அவ்வளவு எளிதாக இல்லை. பல ஆண்டுகள் பயன்படுத்தாத சொற்கள் நினைவிலிருந்து நழுவியிருந்தன. ஒருமுறை இணையத்தில் கண்ட தமிழகப் பயிற்சித்தாளை அப்படியே அச்சிட்டுக் கொடுத்துவிட்டேன். அதில் ‘நிறை’ என்றிருந்தது. பாடநூலில் ‘பொருண்மை’ என்றிருந்தது. பாதி வகுப்பு அதை ‘நிரை’ என்று எண்ணி வரிசையைப் பற்றி எழுதியது! அன்று திருத்த வேண்டியிருந்தது மாணவர்களை அன்று, என்னைத்தான்.

2016 முதல் இருமொழித் திட்டம் என்ற பெயரில், விரும்பும் பள்ளிகள் இப்பாடங்களை ஆங்கிலத்தில் கற்பிக்கும் வாய்ப்பும் வந்தது. அதன்மீதும் நம் சமூகத்தில் இரு கருத்துகள் உள்ளன. எந்தப் பக்கம் நின்றாலும் ஓர் உண்மையை மறுக்க இயலாது: பயன்படுத்தாத சொல் ஒரு தலைமுறைக்குள் மறைந்துவிடும்.

நான்கு சொற்கள், ஒரு பால்மரம்

சென்ற ஆண்டு அந்தத் தந்தையாரின் கேள்விக்குப் பின் ஒரு முயற்சி செய்தேன். என் மாணவர்களில் பெரும்பாலோர் இன்று வீடமைப்புப் பகுதிகளில் வாழ்கின்றனர். செம்பனையைச் சாலையோரம் கண்டிருக்கின்றனர்; பால் வெட்டுவதைக் கண்டதில்லை. ஆகவே ஒரு மாணவரின் பாட்டியை வகுப்புக்கு அழைத்தேன். அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். பழைய உளியையும் ஒரு மங்கையும் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்தார். “எனக்கு என்னம்மா தெரியும் டீச்சர், நான் வந்து என்ன சொல்றது?” என்று தயங்கினார். “பாட்டி, நீங்கள் மரம் வெட்டியதை மட்டும் சொல்லுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன். அன்று நாங்கள் கற்ற நான்கு சொற்களை இங்கே தருகிறேன். ஆசிரியர்கள் தம் வகுப்பில் பயன்படுத்திக் கொள்ளலாம்.

*முதலாவது, பின்னம்.* பாட்டி மரத்தின் முழுச் சுற்றையும் வெட்டுவதில்லை. பாதிச் சுற்றுத்தான் வெட்டுவார். அதையும் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவார். மரத்துக்கு ஓய்வு வேண்டும் என்றார். வெட்டுவது மரத்தில் 1/2, நாளில் 1/2. பொதுவாகத் தண்டின் சுற்றளவு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் ஆன பிறகே மரத்தை வெட்டத் தொடங்குவர். 50இல் 1/2 என்றால் 25 என்று பிள்ளைகளே சொன்னார்கள்.

‘பின்னம்’ என்பது வடமொழி வழியாக வந்த சொல். உடைந்தது என்று பொருள். ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேரும் உடைத்தலையே குறிக்கும். மலாய்மொழியில் ‘பெச்சாஹான்’ என்கிறோம். ‘பெச்சா’ என்றாலும் உடைதல்தான். மூன்று மொழிகளும் ஒரே எண்ணத்தைச் சொல்கின்றன! அடுத்து, பின்னத்தின் மேலெண் தொகுதி, கீழெண் பகுதி. பேச்சில் பகுதி என்றால் ஒரு பங்கு. ஆதலால் பிள்ளைகள் மேலெண்ணைப் பகுதி என்று எழுதிவிடுகிறார்கள். பகு என்றால் பிரி. முழுமையை எத்தனையாகப் பகுத்தோம் என்று சொல்வது பகுதி. தொகு என்றால் சேர். அவற்றுள் எத்தனையைத் தொகுத்து எடுத்தோம் என்று சொல்வது தொகுதி. வினையைச் சொல்லிக் கொடுத்தால் குழப்பம் நீங்குகிறது.

*இரண்டாவது, நிரை.* பால்மரங்கள் நிரை நிரையாக நிற்கும். பாட்டி “என் நெரை” என்றுதான் சொன்னார். ஒரு நிரையில் 20 மரம், மொத்தம் 25 நிரை என்றால் 500 மரம். பெருக்கல் வாய்பாடு அங்கே கண்முன் நிற்கிறது. தமிழக மேல்வகுப்புக் கணிதத்தில் எண்களை அடுக்கும் ‘அணி’ என்ற பாடத்தில் கிடைவரிசையை ‘நிரை’ என்றும் செங்குத்து வரிசையை ‘நிரல்’ என்றும் சொல்கிறார்கள். தோட்டத்தில் பாட்டி வாயில் இருந்த சொல், பல்கலைக்கழகம் செல்வோர் படிக்கும் கணிதத்திலும் இருக்கிறது. இதைச் சொன்னபோது பாட்டி வெட்கத்தோடு சிரித்தார். அவர் பேரன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

*மூன்றாவது, விழுக்காடு.* பங்கு, வீதம் என்ற பொருளில் முன்பே வழங்கிய சொல் இது. இன்று நூற்றுக்கு எத்தனை என்பதைக் குறிக்கிறது. மலாயில் ‘பெராத்துஸ்’ என்பதற்குள் ‘ராத்துஸ்’, அதாவது நூறு, ஒளிந்திருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். என் தந்தையாரின் கணக்கையே கொடுத்தேன். 40 கிலோ பாலில் 30 விழுக்காடு ரப்பர். ஆக 12 கிலோ. மழை பெய்து 8 கிலோ நீர் கலந்துவிட்டது. இப்போது 48 கிலோ. ரப்பர் கூடிற்றா? இல்லை, அதே 12 கிலோதான். விழுக்காடு மட்டும் 25 ஆகக் குறைந்தது. எடை கூடினாலும் கூலி ஏன் கூடவில்லை என்பதை ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் தாமே கண்டுபிடித்தார்கள்.

*நான்காவது, பொருண்மை.* அந்தத் தந்தையார் விரல் வைத்துக் காட்டிய சொல். பொருள் என்பதிலிருந்து பொருண்மை. ஒரு பொருளில் எவ்வளவு பருப்பொருள் இருக்கிறதோ அதுவே அதன் பொருண்மை. அதனைப் பூமி இழுக்கும் விசை எடை. ஒட்டுப்பால் உருண்டை ஒன்றை நிலவுக்குக் கொண்டுபோனால் அதன் எடை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறையும், பொருண்மை மாறாது. கடைத்தெருவில் இரண்டையும் எடை என்றே சொல்கிறோம், அதில் தவறில்லை. அறிவியலில் இரண்டும் வேறு என்று தெரிந்தால் போதும்.

பாட்டி ஏன் விடியுமுன் வெட்டினார் என்றும் ஒரு மாணவி கேட்டாள். “வெயில் ஏறினா பால் நின்னுடும்” என்றார் பாட்டி. வெயில் ஏற ஏற இலைகள் வழியாக நீர் ஆவியாக வெளியேறும். மரத்தின் உள் அழுத்தம் குறையும். பால் ஒழுகுவதும் குறையும். இதற்கு ‘நீராவிப்போக்கு’ என்று பெயர் என்றேன். 2003இல் அமைதியாக இருந்த என் வகுப்பில் எழாத “ஏன்?” என்ற கேள்வி அன்று எழுந்தது.

அந்தத் தந்தைக்கு என் விடை

இனி அவர் கேள்விக்கு வருகிறேன். ஆறாம் ஆண்டுக்குப் பிறகு இச்சொற்கள் தேர்வில் வரமாட்டா என்பது உண்மை. படிவம் ஒன்றில் பொருண்மை ‘ஜிசிம்’ ஆகிறது. அடர்த்தி ‘கெத்தும்பாத்தான்’ ஆகிறது. முதல் சில மாதங்கள் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். இதை மறைத்துப் பேசுவது பெற்றோரை ஏமாற்றுவதாகும்.

ஆனால் தடுமாற்றம் இரு வகைப்படும். பொருண்மையும் எடையும் வேறு என்பதை உணர்ந்த பிள்ளைக்குப் புதிய பெயர் மட்டுமே கற்க வேண்டியிருக்கும். அதை உணராத பிள்ளைக்குப் பெயரும் புதிது, கருத்தும் புதிது. என் பழைய மாணவி ஒருத்தி, படிவம் ஒன்றில் தன் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, இடப்பக்கம் தமிழும் வலப்பக்கம் மலாயும் எழுதி வைத்திருந்ததைக் காட்டினாள். இரண்டாம் தவணைக்குள் அந்தப் பக்கம் அவளுக்குத் தேவைப்படவில்லையாம். யாரும் சொல்லித் தராமல் அவளே கண்ட வழி அது. அதைத்தான் இன்று என் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் முறையாகச் செய்து தருகிறேன்.

மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். இன்று பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் அறிவியலைச் சொல்லும் மலாய்மொழியும் இப்பாதையில் நடந்து வந்ததுதான். 1956இல் டேவான் பஹாசா டான் புஸ்தாக்கா தொடங்கப்பட்டது. ஆயிரக்கணக்கான கலைச்சொற்கள் ஆக்கப்பட்டன. 1970இல் மலாய்மொழியைப் பயிற்று மொழியாகக் கொண்டு மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் எழுந்தது. பிற மொழிகளிலிருந்து எடுத்தும், புதிதாக ஆக்கியும், இடைவிடாமல் பயன்படுத்தியும் அம்மொழியினர் அதனை வளர்த்தனர். பயன்படுத்தியதே அவர்தம் வெற்றி. நாமோ ஆக்கி வைத்த சொற்களை ஆறாம் ஆண்டின் இறுதி நாளில் பள்ளி வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

வேண்டுகோள்

ஆசிரிய நண்பர்களே, கலைச்சொல்லைப் பட்டியலாகக் கொடுத்து மனனம் செய்யச் சொல்லாதீர்கள். சொல்லின் வேரைக் காட்டுங்கள். மலாய்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் அதன் பக்கத்தில் வையுங்கள். தமிழக, இலங்கை வழக்குகள் வேறுபடும் இடத்தில் அதையும் சொல்லிவிடுங்கள். நான் செய்த பிழையை நீங்கள் செய்ய வேண்டாம்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ தோட்டத்தில் வேலை செய்தவராயின், ஒரு மாலைப் பொழுதில் பிள்ளையை அவரருகே அமர்த்துங்கள். எத்தனை நிரை, எத்தனை மரம், ஒரு நாளைக்கு எத்தனை வாளி, பால் எதனால் உறைந்தது, ஏன் விடியலில் வெட்டினார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதைப் பிள்ளை எழுதட்டும். மறுநாள் அதற்குரிய கலைச்சொல்லை நாங்கள் பள்ளியில் தருகிறோம். அத்தலைமுறையினர் நம்மிடையே இருக்கும் காலம் நீண்டதன்று. தோட்டங்கள் பல வீடமைப்பாக மாறிவிட்டன. அவர்களோடு அந்த அறிவும் போய்விட்டால் பாடநூலில் உள்ள சொற்கள் பற்றிக்கொள்ள நம் வீடுகளில் ஒன்றும் இராது.

அந்தத் தந்தையார் ஆண்டிறுதியில் மீண்டும் வந்தார். தம் இளைய மகனைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை என்றார். அது அவர் உரிமை; நான் வற்புறுத்தவில்லை. ஆனால் மகள் வீட்டில் மெட்ரோலாக் கணக்கைச் செய்து காட்டியதாகச் சொன்னார். “எங்கப்பா இதத்தான் டீச்சர் தினமும் பாத்துக்கிட்டு நிப்பாரு” என்றார். 

என் தந்தையாரும் அப்படித்தான் நின்றார் என்று அவரிடம் சொன்னேன்.